ஏழாம் நாளே வற்றிவிடும் சுண்டெலிக் காது: நாட்பட்ட நடுக்காது அழற்சிக்கு எந்த விலங்கு?

கேள்வி, பிப்ரவரி 3

பிளாக் சிக்ஸ் (ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கும் இனம்) சுண்டெலி, ஆறு முதல் எட்டு வார வயது. கழுத்து வழியாகப் புல்லாவில் (நடுக்காதைச் சூழ்ந்த எலும்புக் குமிழ்) துளை போட்டு, உறையில்லா ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே பாக்டீரியா 5 மைக்ரோலிட்டர் விடுகிறோம். மூன்றாம் நாள் காது முழுக்கச் சீழ். ஏழாம் நாள் பெரும்பகுதி வற்றிவிடுகிறது. பத்தாம் நாள் வெட்டிப் பார்த்தால் சளிச்சவ்வு கிட்டத்தட்டப் பழைய நிலைக்கே வந்திருக்கிறது. எங்களுக்கு வேண்டியது நாட்பட்ட நோய். கிருமியின் அளவைக் கூட்டுவதா, சின்சில்லா என்ற பெரிய கொறிக்கும் விலங்குக்கு மாறுவதா?

பிப்ரவரி 3, இரவு

அளவைக் கூட்டாதீர்கள். கூட்டினால் மூன்றாம் நாள் சீழ் இன்னும் கெட்டியாக இருக்கும், அவ்வளவுதான். ஏழாம் நாள் ஒன்பதாம் நாளாகலாம், மூன்று மாதமாக நீளாது. இந்தக் கிருமிக்கு இயற்கையில் மனிதர்தான் வீடு. நல்ல எதிர்ப்பாற்றல் உள்ள சுண்டெலி அதை டோல் ஏற்பிகளால் அடையாளம் கண்டு, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை அனுப்பி, சில நாளில் துடைத்துவிடுகிறது. அந்த ஏற்பிகளுக்குக் கீழே இருக்கும் மைடி88 புரதம் இல்லாத சுண்டெலியில் அதே கிருமி, அதே அளவில், பல வாரம் தங்குகிறது. நோயின் நீளத்தைத் தீர்மானிப்பது விலங்கின் துடைக்கும் திறன் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

அளவு கூடினால் இன்னொரு கேடும் உண்டு. அழற்சிப் பொருட்கள், நடுக்காதுக்கும் உள்காதுக்கும் இடையிலுள்ள வட்டச் சன்னல் சவ்வைத் தாண்டி உள்காதுக்குப் போகும். விலங்கு தலையைச் சாய்க்கும், ஒரே பக்கமாகச் சுற்றும், விழும். அப்புறம் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது நடுக்காது நோயல்ல, லாபிரிந்த் எனும் உள்காதின் அழற்சி.

சின்சில்லாவுக்கு மாறினால் நாள் கூடும். ஆனால் நாள் கூடியதாலேயே அது நாட்பட்ட நோய் ஆகிவிடாது. முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: எந்த நாட்பட்ட நோய்?

பிப்ரவரி 4

நேற்றைய கடைசி வரியை விரித்துச் சொல்கிறேன். இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் தடம் மாறுகின்றன.

'நாட்பட்ட நடுக்காது அழற்சி' என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று நோய்கள் இருக்கின்றன. முதலாவது, செவிப்பறை முழுசாக இருக்க, உள்ளே பசை போன்ற திரவம் தேங்கிக் கிடப்பது. குழந்தைகளுக்கு வருவது, காய்ச்சலும் வலியும் பெரிதாக இருக்காது, காது மந்தமாகும். மூன்று மாதம் தாண்டினால் நாட்பட்டது என்கிறார்கள். இரண்டாவது, செவிப்பறை ஓட்டை வழியாகச் சீழ் வடிந்துகொண்டே இருப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் இரண்டு வாரம் வடிந்தாலே போதும். பல காது மருத்துவர்கள் ஆறு வாரமாவது வேண்டும் என்பார்கள். மூன்றாவது கொலஸ்டியாடோமா: செவிப்பறையின் வெளித்தோல் உள்ளே இழுபட்டு, கெரட்டின் பையாக வளர்ந்து எலும்பை அரிப்பது.

முதலாவதில் முக்கியக் கிருமிகள் ஹீமோஃபிலஸ், நிமோகாக்கஸ், மொராக்செல்லா. இரண்டாவதில் சூடோமோனாஸும் ஸ்டெஃபைலோகாக்கஸும். மூன்றாவதில் கிருமியே பின்னணிதான், தோல்தான் நாயகன். ஆக, காதில் ஹீமோஃபிலஸைச் செலுத்திவிட்டு 'சீழ் வடியும் நாட்பட்ட காது' என்று எழுதினால், மதிப்பீடு செய்பவர் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார்.

மூன்றாவதுக்கு ஜெர்பில் என்ற பாலைநில எலியை விட்டால் வேறு நல்ல விலங்கு இல்லை. மங்கோலிய ஜெர்பிலுக்கு வயதானால் தானாகவே வருகிறது. வெளிக்காதுத் துளையைக் கட்டிவிட்டால் சீக்கிரமே வருகிறது. 1980களின் தொடக்கத்திலிருந்து இது தெரிந்த விஷயம். அதோடு விட்டுவிடுகிறேன், உங்கள் கேள்வி அதுவல்ல.

பிப்ரவரி 4, பிறகு

வேண்டியது முதலாவது வகை என்று பதில் வந்திருக்கிறது: தேங்கிய திரவம், ஹீமோஃபிலஸ், முடிந்தால் ஆன்டிபயாடிக் ஏன் தோற்கிறது என்பதும். சரி. இனி அதையொட்டியே எழுதுகிறேன்.

பிப்ரவரி 6

சின்சில்லா. ஏன் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள் என்றால், காரணம் எலும்பு. புல்லா அவ்வளவு பெரிது: தலையின் மேற்புறத்திலேயே, காதுக்குப் பின்னால், விரலால் தடவினால் தெரியும் அளவுக்குப் புடைத்திருக்கும். சுண்டெலிக் காதில் சில மைக்ரோலிட்டர்தான் கொள்ளும். இதில் ஒன்றரை, இரண்டு மில்லிலிட்டர் வரை கொள்ளும். மேல் எலும்பு மெல்லியது, ஊசியால் நேரே குத்தலாம். செவிப்பறையைத் தொடாமல் உள்ளே விடலாம், வெளியே எடுக்கலாம். கேட்கும் அலைவரிசையும் மனிதருடையதற்கு நெருக்கம். மின்னசோட்டா ஆய்வாளர்கள் 1970களில் நிமோகாக்கஸை வைத்து இதை நிலைநாட்டினார்கள். 1980இல் மூக்கில் இன்ஃபுளுயன்சா வைரஸையும் நிமோகாக்கஸையும் சேர்த்து விட்டபோது, தனித்தனியே விட்டதைவிடப் பல மடங்கு காதுகளில் நோய் வந்தது. சளி பிடித்த பிறகு காது வலிக்கும் குழந்தையின் கதை அதில் அப்படியே இருக்கிறது.

ஹீமோஃபிலஸுக்கு நேர்வழி, மறைமுக வழி என இரண்டு. நேர்வழியில் ஒவ்வொரு புல்லாவிலும் 0.3 மில்லிலிட்டர், அதில் ஆயிரம் முதல் மூவாயிரம் உயிருள்ள கிருமி. ஆமாம், ஆயிரம்தான், லட்சமோ கோடியோ தேவையில்லை. மறைமுக வழியில் முதலில் மூக்கில் அடினோவைரஸ், ஒரு வாரம் கழித்து மூக்கிலேயே கிருமி, அதுவும் பத்துக்கோடி அளவில். கிருமி, மூக்கின் பின்புறத்தை நடுக்காதோடு இணைக்கும் யூஸ்டேக்கியன் குழாய் வழியாகத் தானே ஏற வேண்டும் என்பதால் இந்த அளவு. இதில் எல்லாக் காதிலும் நோய் வராது, ஆகவே விலங்கு அதிகம் வேண்டும். தடுப்பூசியைச் சோதிப்பவருக்கு மறைமுக வழியே சரி. தடுக்க வேண்டிய ஏற்றம் அங்கேதான் நடக்கிறது. மருந்தைச் சோதிப்பவருக்கு நேர்வழி போதும்.

குத்தும்போது பார்க்க வேண்டியவை: முடியை மழித்து, கிருமிநாசினி தடவி, 25 கேஜ் ஊசியைப் புல்லாவின் உச்சியில் செங்குத்தாக வைத்துச் சுழற்றி அழுத்துங்கள். எலும்பு விட்டுக்கொடுப்பது விரலுக்குத் தெரியும். அங்கேயே நிறுத்த வேண்டும். உள்ளே விடுவதற்கு முன் சற்று இழுத்துப் பாருங்கள். காற்று வந்தால் சரியான இடம், இரத்தம் வந்தால் அந்தக் காதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேகமாக அழுத்தினால் காற்று போக வழியின்றிச் செவிப்பறை கிழியும். 0.3 மில்லிக்கு அரை நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

கிருமியின் பக்கம்: சாக்லேட் அகரில், 37 டிகிரியில், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில். ஹீமின், என்.ஏ.டி. என்ற இரண்டு வளர்ச்சிப் பொருட்களும் இல்லாமல் வளராது. வெறும் சலைனில் கலந்து மேசையில் வைத்துவிட்டு அறுவையைத் தொடங்கினால், கடைசி விலங்கின் முறை வரும்போது பாதி செத்திருக்கும். பனிக்கட்டியில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என இரண்டு முறை பிளேட்டில் போட்டு எண்ணுங்கள். கணக்கில் எழுத வேண்டியது அந்த எண். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் காட்டியது அல்ல. அடிக்கடி மறுவளர்ப்பு செய்த கிருமியும் ஏமாற்றும். அதன் மேற்பரப்பிலுள்ள பாஸ்போரில்கொலின் போன்றவை தலைமுறைக்குத் தலைமுறை 'ஆன்', 'ஆஃப்' என மாறுபவை. ஒரே நாளில் நிறையக் குப்பிகள் உறைய வைத்து, ஒவ்வொரு சோதனைக்கும் புதுக் குப்பி எடுங்கள்.

பிப்ரவரி 6, இன்னும் கொஞ்சம்

சின்சில்லாவை வைத்திருப்பவர்கள் மறந்துபோகும் மூன்று விஷயங்கள். வெப்பம் தாங்காது, அறை முப்பது டிகிரியைத் தொட்டால் நோயில்லாமலே சாகும். மணற்குளியலை அறுவைக்குப் பிறகு சில நாள் நிறுத்துங்கள், தூசி காயத்துக்குள் போகும். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின் ஆகியவற்றை வாய்வழி கொடுக்காதீர்கள். குடலின் நல்ல கிருமிகள் அழிந்து, கிளாஸ்ட்ரிடியம் பெருகி, சில நாளில் வயிற்றுப்போக்கில் போய்விடும். கினிப்பன்றிக்கும் இதே ஆபத்து உண்டு. மருந்து காதில் தோற்றதா, விலங்கு குடலில் தோற்றதா என்றே தெரியாத நிலை அது.

பிப்ரவரி 7

'எத்தனை நாள் இருந்தால் நாட்பட்டது?' என்று மறுபடி ஒருவர் கேட்கிறார்.

நாளை மட்டும் எண்ணினால் தவறான விடைதான் கிடைக்கும். சுண்டெலியின் மூன்று மாதம் மனிதரின் மூன்று மாதமல்ல. நான் கேட்பது மூன்று கேள்வி. கிருமியோ அழற்சியோ புதிதாக ஊட்டாமல் தானாகவே நிலைக்கிறதா? திசு மாறியிருக்கிறதா? அதாவது ஒரே அடுக்கில் தட்டையாக இருந்த எபிதீலியம் தூண் வடிவத்துக்கு வந்து, கோப்பைச் செல்கள் பெருகி, அடியில் நார்த்திசுவும் புது எலும்பும் வந்திருக்கிறதா? கடைசியாக, ஒரு சுற்று மருந்துக்குப் பிறகு திரும்புகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் இருபத்தெட்டாம் நாளிலும் அது நாட்பட்ட நோய். வெறும் நியூட்ரோஃபில் மிதக்கும் சீழ் மட்டும் இருந்தால், நாற்பதாம் நாளிலும் அது நீண்டுபோன திடீர் நோய்தான்.

பிப்ரவரி 9

இப்போது சுண்டெலிக்குத் திரும்புகிறேன். சின்சில்லாவைப் புகழ்ந்துவிட்டதால் சுண்டெலி வேண்டாம் என்று அர்த்தமில்லை. சின்சில்லாவுக்கு ஆன்டிபாடிகள், வினைப்பொருட்கள் மிகக் குறைவு, மரபணுவை மாற்றும் வசதி இல்லை, கர்ப்பகாலமே நூற்றுப்பத்து நாளுக்கு மேல். 'ஏன் தங்குகிறது' என்ற கேள்விக்குச் சுண்டெலிதான் பதில் சொல்லும். ஆனால் பிளாக் சிக்ஸ் அல்ல.

இங்கிலாந்தின் ஹார்வெல்லில் வேதிப்பொருளால் மரபணு மாற்றம் உண்டாக்கி, காது கேளாத சுண்டெலிகளைச் சலித்தெடுத்தபோது கிடைத்தவை ஜெஃப், ஜன்போ. 2006இல் இரண்டின் மரபணுவும் வெளிவந்தது. ஜெஃப்பில் எஃப்பிஎக்ஸ்ஓ11, ஜன்போவில் இவி1. இரண்டிலும் ஒரு பிரதி மாறியிருந்தாலே நடுக்காதில் தானாகத் திரவம் தேங்கி, வாழ்நாள் முழுக்க நிற்கிறது. ஊசி இல்லை, அறுவை இல்லை. ஜெஃப்பில் முகம் சற்றுக் குட்டை, காதிலிருந்து வடியும் பாதை சரியில்லை. இரண்டு பிரதியும் மாறினால் அண்ணப் பிளவோடு பிறந்து இறந்துவிடும். ஜன்போ இன்னும் சீழ்த்தன்மையானது. திடீர் அழற்சியாகத் தொடங்கி, பிறகு வடியும் காதாகவும் ஆகும். மனிதக் குடும்பங்களில் எஃப்பிஎக்ஸ்ஓ11 மாற்றங்களுக்கும் திரும்பத் திரும்ப வரும் காது நோய்க்கும் தொடர்பு கண்டிருக்கிறார்கள் என்பதால், இது சுண்டெலியோடு நின்றுபோகும் சங்கதி அல்ல.

ஜன்போ காதைத் திறந்தால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். நல்ல காதில் புல்லா கண்ணாடி போல, உள்ளே வெறும் காற்று, சுத்தி எலும்பின் கைப்பிடி செவிப்பறைக்குப் பின்னால் தெளிவாகத் தெரியும். ஜன்போவில் புல்லா சுவரே மங்கல். ஊசி நுனி பட்டதும் சாம்பல் கலந்த வெள்ளைத் திரவம் ஒட்டுப்பசை போல நூலிழுக்கும். பிப்பெட்டில் ஏறவே மறுக்கும், ஐந்து மைக்ரோலிட்டர் எடுப்பதற்குள் பாதி நுனியில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே கன அளவால் கணக்கிடாதீர்கள். சேகரிக்கும் குப்பியை முன்னும் பின்னும் எடைபோட்டு, அந்த வித்தியாசத்தால் கணக்கிடுங்கள்.

அந்தத் திரவத்தில் ஆக்சிஜன் குறைவு. அதனால் ஆக்சிஜன் குறைவை உணரும் ஹிஃப் பாதை விழித்து, இரத்த நாளங்களை வளர்க்கும் வி.இ.ஜி.எஃப். புரதம் கூடி, கசியும் நாளங்கள் முளைத்து, மேலும் திரவம் கசிகிறது. சுழல். வி.இ.ஜி.எஃப். ஏற்பியைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது ஜன்போவில் கேட்கும் திறன் இழப்பு குறைந்தது. கிருமியையே தொடாமல் நோயைக் குறைத்த இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆன்டிபயாடிக் ஏன் தோற்கிறது என்ற கேள்விக்கு அதில் பாதி பதில் இருக்கிறது.

உங்கள் ஹீமோஃபிலஸ் இங்கே பொருந்துவதையும் பாருங்கள். ஜன்போவின் மூக்கில் விட்டாலே கிருமி ஏறி, ஏற்கெனவே இருக்கும் திரவத்தில் குடியேறித் தங்குகிறது. திரவம் இல்லாத சாதாரணக் காதில் அப்படித் தங்குவதில்லை. முதலில் தேக்கம், பிறகு குடியேற்றம் என்ற வரிசை.

பிப்ரவரி 9, சிறு குறிப்பு

சுரப்பிகளின் வளர்ச்சிக்கு வேண்டிய எடா மரபணுப் பாதை கெட்ட சுண்டெலிகளையும் எலிகளையும் மறக்கக் கூடாது. அவற்றில் மூக்குக்குப் பின்னால், யூஸ்டேக்கியன் குழாயின் வாயருகே இருக்க வேண்டிய சுரப்பிகளே இல்லை. காப்புச் சளி இல்லாததால் மூக்கிலிருந்து அழுக்கும் முடித்துகளும் கிருமியும் காதுக்கு ஏறுகின்றன. குழாய் திறந்தே இருந்தும் நோய் வருகிறது. 'குழாய் அடைத்தால்தான் நோய்' என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 10

இதற்கு நேர் எதிராக, குழாயையே அடைத்துச் செய்தவையும் நிறைய உண்டு. எலியில் குழாயை அடைத்தால் சில நாளிலேயே திரவம். கிருமியே இல்லாமல் வளர்த்த எலியில் அடைத்தால் தெளிந்த திரவம். சாதாரண எலியில் அடைத்தால் சீழ்கலந்த சளி. குரங்கில் அண்ணத்தை இறுக்கும் டென்சர் தசையில் பொட்டுலினம் நச்சை ஊசியால் போட்டார்கள். குழாய் திறக்காமல் போய், காதில் அழுத்தம் குறைந்து, திரவம் வந்தது; நச்சின் வேலை தீர்ந்ததும் சரியானது. அடைப்பு தேக்கத்தைத் தரும், தேக்கத்தின் தன்மையைக் கிருமி தீர்மானிக்கும் என்று இரண்டையும் சேர்த்து வாசிக்கலாம்.

நேற்றைய குறிப்பில் 'முதலில் தேக்கம், பிறகு குடியேற்றம்' என்று எழுதியது எல்லா விலங்குக்கும் பொருந்தும் விதி அல்ல. அதைத் திருத்திக்கொள்கிறேன். சின்சில்லாவில் நேர்வழியில் விட்டால் வறண்ட காதிலேயே கிருமி குடியேறுகிறது. அந்த வரிசை ஜன்போவுக்கும், பெரும்பாலும் சுண்டெலிக்கும் மட்டும்.

பிப்ரவரி 12

கேள்வி: சலைன் மட்டும் விட்ட காதிலும் மூன்றாம் நாள் திரவம். ஏன்?

அறுவையே காரணம். சுண்டெலியில் கீழ்ப்பக்கமாக, கழுத்தின் நடுவில் கீறி, உமிழ்நீர்ச் சுரப்பியை ஒதுக்கி, தாடைக்குக் கீழுள்ள டைகாஸ்ட்ரிக் தசையின் பின்பகுதியைப் பின்தொடர்ந்து போனால் புல்லா வெள்ளை முட்டையோடு போல் தெரியும். 27 கேஜ் ஊசியை விரலில் உருட்டித் துளையிட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அதிகம் போனால் ஸ்டேப்பீடியல் தமனி. மனிதரில் கருவிலேயே மறைந்துவிடும் இந்தத் தமனி சுண்டெலியிலும் எலியிலும் வாழ்நாள் முழுக்க அங்கவடி எலும்பின் நடுவே ஓடுகிறது. பட்டால் காது முழுக்க இரத்தம். இரத்தம் தானே அழற்சியைத் தரும். ஹீமோஃபிலஸுக்கோ அது ஹீமின் விருந்து. ஒரு குழுவில் மூன்று காதில் இரத்தம் கசிந்திருந்தால், அந்தக் குழுவில்தான் கிருமி அதிகம் தங்கியிருக்கும், நீங்கள் மருந்தின் மேல் பழி போடுவீர்கள்.

சலைன் காதின் திரவம் நான்கைந்து நாளில் தானே போக வேண்டும். போகவில்லை என்றால் விலங்கு வரும்போதே நோயோடு வந்திருக்கலாம். எலியில் மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் தானாகவே நடுக்காது நோயைத் தரும். சி3எச்/ஹெச்ஈஜே சுண்டெலியில் டோல்4 ஏற்பி வேலை செய்யாது, அதற்குச் சீண்டாமலே காது நோய் வரும். அறுவைக்கு முன்பே எல்லாக் காதையும் ஓட்டோஸ்கோப்பில் பார்த்து எழுதி வையுங்கள். பிறகு பார்த்து என்ன பயன்.

பிப்ரவரி 13

ஓட்டோஸ்கோப்பில் பார்த்து நோய்க்கு மதிப்பெண் போடுவது பற்றிக் கேட்டவருக்கு: சின்சில்லாவில் 0 முதல் 4 வரை. 0 நலம், 1 லேசான சிவப்பு, 2 நடுத்தர அழற்சி, 3 திரவம் தெரியும், 4 செவிப்பறை புடைத்துக் காது முழுக்கத் திரவம். 2க்கு மேல்தான் நடுக்காது அழற்சி என்று எண்ணுவது வழக்கம். எந்த விலங்கு எந்தக் குழு என்று தெரியாத இருவர் தனித்தனியே பார்க்க வேண்டும்.

டிம்பனோமெட்ரி (காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறையின் அசைவை அளப்பது) செய்வதாக இருந்தால் நைட்ரஸ் ஆக்சைடு மயக்கம் வேண்டாம். அந்த வாயு நடுக்காதுக்குள் புகுந்து அழுத்தத்தை ஏற்றும், நல்ல காதும் கெட்டது போல் காட்டும்.

பிப்ரவரி 15

கல்ச்சர் பிளேட் காலி, காதில் மட்டும் அழற்சி. இந்தக் குழப்பம் மருத்துவமனையிலும் உண்டு, ஆய்வகத்திலும் உண்டு.

குழந்தைகளின் தேங்கிய திரவத்தில் பெரும்பகுதி கல்ச்சரில் வளராது, பி.சி.ஆர். செய்தால் கிருமியின் டி.என்.ஏ. இருக்கும். செத்த கிருமியின் மிச்சம்தானே என்று வாதம் எழுந்தது. அதைத் தீர்த்ததும் சின்சில்லாதான். கொன்ற கிருமியை நடுக்காதில் விட்டபோது அதன் டி.என்.ஏ. சில நாளுக்குள் மறைந்துவிட்டது. உயிருள்ள கிருமியை விட்டு, ஆன்டிபயாடிக் கொடுத்து, கல்ச்சர் காலியான பிறகும் டி.என்.ஏ. வாரக்கணக்கில் தொடர்ந்து வந்தது. அப்படியானால் உயிரோடு, வேறு வடிவில், ஒளிந்திருக்கிறது. 2002இல் ஹீமோஃபிலஸ் விட்ட சின்சில்லாவின் சளிச்சவ்வில் பயோஃபிலிமையே (கிருமிகள் ஒட்டிக்கொண்டு கூட்டமாக வாழும் படலம்) படமெடுத்தார்கள். 2006இல் செவிப்பறையில் காற்றோட்டக் குழல் பொருத்த வந்த குழந்தைகளின் நடுக்காதுச் சவ்வில் பார்த்தபோது, 50 மாதிரிகளில் 46இல் பயோஃபிலிம் இருந்தது. ஒரு விலங்கில் கண்டது மனிதரில் இவ்வளவு நேராகப் பொருந்தியது இந்தத் துறையில் அபூர்வம்.

ஆகவே திரவத்தை மட்டும் பிளேட்டில் போடாதீர்கள். திரவத்தை எடுத்த பிறகு, காதை ஒருமுறை கழுவி, சளிச்சவ்வை உரித்து, எடை பார்த்து, குளிர்நீர்த் தொட்டியில் சில நிமிடம் சோனிகேட் செய்து (ஒலி அலையால் குலுக்கிக் கிருமியைப் பிரித்து), பிறகு நீர்த்துப் போடுங்கள். அதே நேரத்தில், அத்தனை நிமிடமே சோனிகேட் செய்த சாதாரணக் கல்ச்சரையும் போடுங்கள். அலையே கிருமியைக் கொல்கிறதா என்று அப்போதுதான் தெரியும். திரவத்தின் எண்ணிக்கையும் சவ்வின் எண்ணிக்கையும் தனி வரிசையில் எழுதப்பட வேண்டும். மருந்து முதலாவதைப் பூஜ்யமாக்கி இரண்டாவதைத் தொடாமலிருப்பதுதான் நாம் தேடும் நோய்.

படமெடுக்கும்போது ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை மட்டும் நம்ப வேண்டாம். மாதிரியை உலர்த்தும்போது சளியும் ஃபைப்ரினும் சுருங்கி, பயோஃபிலிம் வலை போலவே காட்சியளிக்கும். கான்ஃபோக்கலில் கிருமிக்கே உரிய சாயம் அல்லது ப்ரோப் வைத்து, கிருமியையும் படலத்தையும் ஒரே இடத்தில் காட்டினால்தான் ஏற்பு.

பிப்ரவரி 16

வடியும் காதைப் பற்றி இருவர் கேட்டதால் கொஞ்சம். சூடோமோனாஸை நடுக்காதில் விட்டால் மட்டும் போதாது. சுண்டெலியின் செவிப்பறை ஓட்டை ஓரிரு வாரத்தில் தானே மூடிக்கொள்ளும். மூடியதும் அது வேறு நோய். மூடாமல் வைக்கப் பெரிய துளையாகப் போடுகிறார்கள், ஓரத்தை எரிக்கிறார்கள், ஸ்டீராய்டோ மைட்டோமைசினோ தடவுகிறார்கள். ஒவ்வொன்றும் ஆறும் தன்மையையே மாற்றுவதால் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதையே செய்ய வேண்டும். ஓய்ந்த கல்ச்சரில் ஆன்டிபயாடிக்கைத் தாங்கி மிஞ்சிய 'பெர்சிஸ்டர்' செல்களை விடுவது இப்போதைய நல்ல வழி. ஒளிரும் கிருமியாக இருந்தால் விலங்கைக் கொல்லாமலே வாரவாரம் ஒளியை அளக்கலாம்.

சொட்டு மருந்தின் நச்சுத்தன்மையைச் சுண்டெலியில் பார்த்து மனிதருக்குச் சொல்பவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். மனிதரின் வட்டச் சன்னல் சவ்வு ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். கொறிக்கும் விலங்குகளில் பத்துப் பன்னிரண்டுதான். அதே மருந்து அங்கே மிக எளிதாக உள்ளே போகும்.

பிப்ரவரி 18

கேட்கும் திறன். ஏ.பி.ஆர். (ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின்னலை) வரம்பு முப்பது டெசிபல் ஏறியது என்றால், அது திரவத்தாலா, உள்காது கெட்டதாலா? காற்று வழியாக மட்டும் அளந்தால் சொல்ல முடியாது. எலும்பு வழியாகவும் அளக்க வேண்டும். ஓட்டோஅகூஸ்டிக் எமிஷன் (உள்காது தானே திருப்பி அனுப்பும் ஒலி) மறைந்ததை வைத்து, உள்காதின் மயிர்ச்செல் போய்விட்டது என்று எழுதுவது தவறு. அந்த ஒலி உள்ளே போகவும் நடுக்காது வேண்டும், திரும்பி வரவும் நடுக்காது வேண்டும். திரவம் இருந்தால் இரண்டு முறை அடிபடும். உடல்வெப்பமும் பார்க்கணும்: கீட்டமின்-சைலசின் மயக்கத்தில் சுண்டெலி வேகமாகக் குளிரும், அலைகள் தாமதமாகும். மலக்குடல் வெப்பமானியோடு சூட்டுத் தட்டு வைத்து 37இல் நிறுத்துங்கள்.

பிப்ரவரி 19

பத்து விலங்கு, இருபது காது. இருபது என்று கணக்குப் போடாதீர்கள். ஒரே விலங்கின் இரண்டு காதும் ஒரே இரத்தம், ஒரே மூக்கு, ஒரே எதிர்ப்பாற்றல். அலகு விலங்குதான், காதை எண்ண வேண்டுமென்றால் விலங்கையும் புள்ளியியல் கணக்குக்குள் சேர்க்கும் கலப்பு விளைவு முறை வேண்டும். ஒரு காதில் கிருமி, மறு காது 'கட்டுப்பாடு' என்பதும் சுத்தமல்ல. கிருமி குழாய் வழியே மூக்குக்கு இறங்கி மறுபக்கம் ஏறும். தனி விலங்கு வேண்டும்.

ஒரே சின்சில்லாவின் காதில் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊசி போட்டுத் திரவம் எடுப்பதும் அப்படித்தான். எடுப்பதே ஒரு சிகிச்சை. கூடவே தோல் கிருமியும் உள்ளே போகும். ஒவ்வொரு நாள்புள்ளிக்கும் தனிக் குழு வைத்தால் விலங்கு கூடும். கூடுவதைக் குறைக்க முன்கூட்டியே எத்தனை நாள்புள்ளி உண்மையில் தேவை என்று யோசியுங்கள். பெரும்பாலும் மூன்று போதும்.

பிப்ரவரி 20

வலி மருந்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். மெலாக்சிகம் போன்றவை அழற்சியைக் குறைக்கும், அதனால் முடிவு கெடும் என்று சொல்லி வலி மருந்தே கொடுக்காமல் விடும் வழக்கம் இருக்கிறது. அது நியாயமல்ல, தேவையுமல்ல. புப்ரினார்ஃபின் அழற்சியை அந்த அளவுக்குத் தொடாது. எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் கொடுங்கள். எடை தினமும் பாருங்கள். தலைச் சாய்வு, சுற்றுதல், கருவிழி தானாக ஆடுதல், தொடக்க எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த விலங்கை அன்றே வலியின்றிக் கொன்றுவிடுவது என்று நெறிமுறைக் குழுவுக்கு முன்பே எழுதிக்கொடுங்கள். நிமோகாக்கஸானால் ஒரு நாளில் இருமுறை பார்க்கணும். சின்சில்லாவில் அது இரத்தத்துக்கும் மூளை உறைக்கும் போவது வேகமாக நடக்கும்.

பிப்ரவரி 22

முதல் கேள்விக்கே வருகிறேன். கையில் பிளாக் சிக்ஸ் மட்டும் இருந்தால் அதை வீணாக்க வேண்டாம். அது நோய் எப்படி ஆறுகிறது என்பதற்கு நல்ல மாதிரி. ஒன்று, மூன்று, ஏழு, பதினான்காம் நாள்களில் எடுத்து, 'ஆறும் காது' என்ற ஒப்பீட்டுக் குழுவாக வையுங்கள். தங்கும் காதுக்கு ஜன்போவை வாங்கி, மூக்கு வழி ஹீமோஃபிலஸ். மருந்து எங்கே தோற்கிறது என்பதைப் பார்க்கும் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் சின்சில்லா, நேர்வழி, ஒரு புல்லாவுக்கு ஆயிரத்துச் சொச்சம் கிருமி, திரவமும் சவ்வும் தனித்தனி எண்ணிக்கை.

காதெலும்பை மெல்லியதாக வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல்: எலும்பின் சுண்ணாம்பை ஃபார்மிக் அமிலத்தில் வேகமாகக் கரைத்தால் ஆன்டிபாடி சாயம் பிடிக்காது. 10 சதவீத ஈ.டி.டி.ஏ., பி.எச். 7.4, தினம் ஒருமுறை மாற்றி, சுண்டெலிக்கு ஒன்றிரண்டு வாரம். சின்சில்லாப் புல்லாவுக்கு இன்னும் பல வாரம் ஆகும். வளைத்துப் பார்த்தால் குருத்தெலும்பு போல் நெகிழ வேண்டும். ஊசி குத்திப் பார்க்காதீர்கள், அந்தத் துளை அப்படியே வெட்டில் வரும்.